ஓரத்தைப் பார்க்கும் கூக்கா

லென்ஸின் முன்கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன் கூக்கா ரேடியோவை நிறுத்துகிறார். கீழே தெருவில் லாரி ஏதாவது உறுமினால், அது போய்த் தொலையும்வரை கையை அசைக்காமல் காத்திருக்கிறார். மேசைமேல் ஒரு நீல எனாமல் தட்டு இருக்கிறது. விளிம்பெல்லாம் பெயர்ந்துபோன பழைய சூப் தட்டு. அதன்மேல் லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்துக் கால் சுற்று திருப்புகிறார், நிறுத்துகிறார், இன்னொரு கால் சுற்று திருப்புகிறார். கண்ணாடி கையோடு வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் தட்டில் ஒரு சத்தம் கேட்க வேண்டும். பெரிய சத்தமில்லை, மீன் செதில் ஒன்று விழுந்ததுபோல. கேட்டால் தோள்கள் தளர்கின்றன. கேட்காவிட்டால் எதிரே இருப்பவரை நிமிர்ந்து பார்க்கிறார்.

"இதுக்கு முன்னாடி இதை யாரு தொறந்தது?"

வாடிக்கையாளர்கள் இந்தக் கேள்விக்குப் பயப்படுகிறார்கள்.

தட்டில் விழ வேண்டியது ஒரு பித்தளை வளையம். கூக்கா அதை 'லைனா' என்பார். வளையல்போல வட்டமாக இருக்கும், ஆனால் கனம் இரண்டு மூன்று தலைமுடி அளவுதான். பெரிய பெட்டிக் கேமராக்களில் அகலமாகப் பார்க்கும் லென்ஸ் உண்டு. அதில் முன்னால் ஒரு கண்ணாடிக் கூட்டம், பின்னால் ஒரு கண்ணாடிக் கூட்டம். இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் வேண்டும் என்று செய்தவர்களே பார்த்து, அந்த லென்ஸுக்கென்றே ஒரு வளையத்தை வைத்து மூடியிருப்பார்கள். ஒன்றின் வளையம் இன்னொன்றுக்கு ஆகாது. தூசி தட்டுகிறேன் என்று யாராவது திறப்பார்கள், வளையம் கீழே விழும், அவர்களுக்குத் தெரியாது. மூடிவிட்டுப் படம் எடுத்தால் நடுப்பகுதி அச்சுக் குத்தியதுபோல வரும். ஓரங்கள் மட்டும் கரைந்துவிடும். பெரும்பாலானவர்கள் நடுவைத்தான் பார்க்கிறார்கள் என்பதால் ஆண்டுக்கணக்கில் யாரும் கண்டுபிடிப்பதில்லை.

கூக்கா நடுவைப் பார்ப்பதில்லை. சாப்பாட்டுக் கடைச் சுவரில் கல்யாணப் படம் மாட்டியிருந்தால் மணமக்களை விட்டுவிட்டு மூலையில் நிற்கும் சித்தப்பாவிடம் போவார். "நடு தன்னைத் தானே பாத்துக்கும்" என்பது அவர் வாயிலிருந்து தினமும் வரும் வாக்கியம்.

அவருடைய முழுப்பெயர் ரெஃபூகியோ. ஐம்பது வயதைத் தாண்டிய பெண்மணி. மெக்சிகோ நகரத்தில், கேமராக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், மூன்றாவது மாடியில் பட்டறை. மேசை விளிம்பில் ஒரு துணியை ஆணியடித்து, அதன் மறுமுனையை இடுப்பில் முடிந்துகொள்கிறார். கை தவறுவதெல்லாம் மடியில் விழ வேண்டும் என்று அப்படி. இதனால் யார் கதவைத் தட்டினாலும் எழுந்து போக முடியாது. "தொறந்துதான் கெடக்கு, தள்ளு!" என்று உள்ளிருந்தே கத்துவார். இடதுகைச் சுண்டுவிரல் நகத்தை மட்டும் நீளமாக வளர்த்திருக்கிறார். அது அழகுக்கு இல்லை, பித்தளையைச் சுரண்ட. இரும்பு கீறிவிடும், நகம் கீறாது என்கிறார்.

பட்டறை முதலில் அவருடைய கணவருடையது. அந்த மனிதர் ஒருநாள் ஒரு பாடகியோடு தம்பிக்கோ என்ற துறைமுக ஊருக்குப் போய்விட்டார். மேசையில் ஊராருடைய லென்ஸ்கள் பிரித்தது பிரித்தபடி கிடந்தன. சொந்தக்காரர்கள் வந்து கத்தினார்கள். கூக்கா உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பூட்டிக் கொடுத்தார். எல்லாவற்றையும் கொடுத்து முடித்த பிறகு மேசையில் ஒரு வளையம் மிஞ்சியது. அது யாருடையது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. ஜன்னலருகே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். காற்றடித்தால் அது சுவரில் தட்டும்.

"எங்கயோ ஒருத்தன் ஓரம் மங்கின படமா எடுத்துத் தள்ளிட்டு இருக்கான். அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

நான் பள்ளியை முடித்துவிட்டு, சான் ஓனோஃப்ரே சந்தையின் தண்ணீர்க் குழாயடியில் தரையில் பூசணிப்பூ விற்கிறேன். கூக்கா என்னிடம் பூ வாங்குவார், பிறகு உள்ளே சாப்பாட்டுக் கடைக்குப் போய்ச் சூப் குடிப்பார். அப்படித்தான் பழக்கம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்து நடந்தது எங்கள் சந்தையின் படத்தைப் பற்றியது.

எங்கள் சந்தையில் பத்து வருடத்துக்கு ஒருமுறை, புனிதர் ஓனோஃப்ரே திருநாளன்று, எல்லோரும் சேர்ந்து நின்று ஒரே படம் எடுத்துக்கொள்வது வழக்கம். தெரு குறுகல், கேமராவைப் பின்னால் கொண்டுபோக இடமில்லை. அதனால் அகல லென்ஸ். படம் ஒரு கதவு அளவுக்கு இருக்கும், கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டுவார்கள். கடை வைத்திருப்பவர்கள் நடுவில் நிற்பார்கள். தரையில் விற்பவர்கள் இரண்டு ஓரத்திலும். யாரும் இப்படி நில்லுங்கள் என்று சொல்வதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

போன மழைக்காலத்தில் மீன் பக்கத்துக்குக் கூரை போட்டார்கள். பழைய படத்தில் இருக்கும் தரைக்காரர்களுக்கு உள்ளே இடம் என்றார் சந்தைத் தலைவர் தோன் கிரிசாந்தோ. மூலிகை விற்கும் நிசேஃபோரா போய்த் தன் முகத்தைக் காட்டினாள். அவள் காட்டிய இடத்தில் ஒரு பழுப்புத் திட்டுதான் இருந்தது.

"இது யாரா வேணா இருக்கலாம். ஆட்டுக்குட்டியாக்கூட இருக்கலாம்" என்றார் கிரிசாந்தோ. "அன்னிக்கு ஒரு நொடி அசையாம நின்னிருந்தா இன்னிக்கு மூஞ்சி இருந்திருக்கும்ல?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து எங்களுக்கு 'அசையுற கூட்டம்' என்று பெயர். இறைச்சிக் கடைக்காரர்கள் நாங்கள் போகும்போது இடுப்பை ஆட்டிக் காட்டுவார்கள். ஓரத்தில் நின்ற யாருக்கும் முகம் இல்லாததால் யாருக்கும் உள்ளே இடமும் இல்லை.

இந்த வருடம் விஷயம் இன்னும் பெரிது. திருநாள் முடிந்ததும் சந்தை முழுவதையும் இடித்துக் கட்டப் போகிறார்கள். திரும்பி வரும்போது, திருநாளில் எடுக்கும் புதுப்படத்தில் யார் முகம் தெரிகிறதோ அவர்களுக்கு இடம் என்று கூட்டத்தில் முடிவாயிற்று. கேமரா அதேதான். எடுப்பவரும் போன முறை எடுத்த அதே புகைப்படக்காரர் எவரிஸ்தோதான்.

கூக்கா அன்று எங்கள் பேச்சைக் கேட்டபடி சூப்பைக் குடித்துவிட்டு எழுந்தார். பழைய படம் கூடத்தின் மறுகோடியில், அவர் வழக்கமாகப் போகாத பக்கம், பொதுத் தராசுக்கு மேலே மாட்டியிருந்தது. ஒரு தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினார். கழுத்துக் கயிற்றில் எப்போதும் தொங்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். இடது ஓரம் பார்த்தார், இறங்கினார், பெட்டியை இழுத்துப் போட்டு வலது ஓரம் பார்த்தார்.

"என்ன தேடுற தாயி, எங்க மூஞ்சியையா?" என்றாள் நிசேஃபோரா. "அது போயி பத்து வருஷம் ஆச்சு. நாங்க அசைஞ்சுட்டோமாம்."

"நீங்க அசைஞ்சீங்க, சரி" என்றார் கூக்கா, கண்ணை எடுக்காமல். "சுவருமா அசைஞ்சுது?"

நாங்கள் போய்ப் பார்த்தோம். பத்து வருடமாக அந்தப் படத்தின்கீழ் நடக்கிறோம், ஒருவரும் சுவரைப் பார்த்ததில்லை. நடுவில் கிரிசாந்தோவின் தலைக்குப் பின்னால் செங்கல்களை எண்ணலாம், இடையில் பூசிய சுண்ணாம்புக் கோடுவரை தெரிகிறது. ஓரத்துக்குப் போகப் போகச் செங்கல்கள் நனைந்த ரொட்டிபோல ஒன்றோடொன்று கலந்துவிட்டன. எங்கள் பின்னால் இருந்த சுவருக்கும் முகம் இல்லை.

"ஒரு பக்கம் மட்டும் மங்கியிருந்தா கேமரா சாஞ்சிருக்குன்னு சொல்லலாம். ரெண்டு பக்கமும் ஒரே அளவு. இது வளையம்" என்றார் கூக்கா. சொல்லிவிட்டு ஏனோ உடனே கிளம்பவில்லை. பெட்டிமேலேயே கொஞ்ச நேரம் நின்றார். மறுநாள் எவரிஸ்தோ வீட்டுக்கு நானும் நிசேஃபோராவும் கூடப் போனபோதுதான் காரணம் புரிந்தது. கூக்காவின் பையில் நீலத் தட்டு இருந்தது. தாளில் மடித்து, ஆணியில் தொங்கிய அந்த வளையமும் இருந்தது. இந்த லென்ஸும் அன்று தான் பூட்டிக் கொடுத்தவற்றில் ஒன்றோ என்று அவருக்குச் சந்தேகம்.

எவரிஸ்தோ மீசையைத் தடவிக்கொண்டு, "அகலமாப் பாக்குற கண்ணு ஓரத்துல மங்கத்தான் செய்யும் கூக்கா. இது உனக்கு நான் சொல்லணுமா?" என்றார்.

"கருப்புத் துணிக்குள்ள தலைய விட்டு எங்கண்ணே பாப்பீங்க?"

"நடுவுல. ஓரமெல்லாம் இருட்டா இருக்குமே, என்ன தெரியும்?"

"நடு தன்னைத் தானே பாத்துக்கும். இதை எப்பவாவது தொறந்தீங்களா?"

"ஒரே ஒரு தடவ. தூசி. தொறந்த மாதிரியே திருப்பி மூடிட்டேன்."

கூக்கா தட்டை எடுத்து வைத்தார். சுவரில் இருந்த கடிகாரத்தைக்கூட நிறுத்தச் சொன்னார். கால் சுற்று, இன்னொரு கால் சுற்று. கண்ணாடி கையோடு வந்தது. தட்டில் ஒன்றும் விழவில்லை. தாளைப் பிரித்துத் தன் வளையத்தை வைத்துப் பார்த்தார். அது பெரிதாக இருந்தது, உட்காரவே இல்லை. இரண்டு முறை வைத்துப் பார்த்தார். பிறகு நிதானமாக மறுபடி தாளில் மடித்தார். இன்னொருவருடைய தவறு என்று தெரிந்தால் மனிதர்களுக்கு நிம்மதி வரும். கூக்காவின் முகத்தில் அது இல்லை. தொலைந்த பிள்ளை என்று நினைத்துக் கூப்பிட, வேறு யாருடைய பிள்ளையோ திரும்பிப் பார்த்ததுபோல இருந்தது.

எவரிஸ்தோ தலையைச் சொறிந்தார். "இரு, இரு. அன்னிக்கு மேசைல என்னமோ ஒண்ணு மிச்சம் கெடந்துச்சு. இத்துனூண்டு மெல்லிசா. டப்பாவோட வந்ததுன்னு நெனச்சேன்."

"இப்ப எங்க இருக்கு?"

எவரிஸ்தோ சமையலறைப் பக்கம் பார்த்தார்.

சமையலறையில் அவர் மனைவி இசாவ்ரா மோலே கிண்டிக்கொண்டிருந்தார். மிளகாய், எள், சாக்லேட் எல்லாம் அரைத்துப் போட்ட குழம்பு. கை ஓய்ந்தால் அடி பிடித்துவிடும். அதை வாளியில் கொண்டுவந்து, சந்தையில் நிசேஃபோராவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து விற்பவர் அவர். அடுப்புக்கு மேலே, சமையல்காரர்களைக் காக்கும் புனிதர் பாஸ்குவால் சுண்ணாம்புச் சிலையாக நின்றார். உடம்பெல்லாம் கரி. தலைக்குப் பின்னால் மட்டும் தங்க நிறத்தில் ஓர் ஒளிவட்டம் மின்னியது.

எங்கள் கண் போன இடத்தை இசாவ்ரா பார்த்துவிட்டார்.

"தொடாதீங்க. அவரோட பழைய வட்டம் ஒடைஞ்சு போச்சு. இதை வச்சதுலேருந்து என் மோலே ஒரு தடவகூட அடி பிடிச்சதில்ல."

"புதுசு வாங்கித் தரேன்டி" என்றார் எவரிஸ்தோ.

"ஒங்க புதுசு யாருக்கு வேணும்? வருஷா வருஷம் அவர் திருநாளுக்கு நானே நகப்பூச்சு அடிச்சுப் பளபளன்னு வச்சிருக்கேன்."

நிசேஃபோரா கெஞ்ச ஆரம்பித்தாள். கூக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். சிலைப் பக்கமே போகவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அடுப்பருகே உட்கார்ந்தார். குழம்பு கொப்பளிப்பதைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"அக்கா, அந்தப் படம் எடுத்தப்ப நீங்களும் ஓரத்துலதானே நின்னீங்க?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அசைஞ்சீங்களா?"

இசாவ்ராவின் கரண்டி நின்றது. "மூச்சுகூட விடல. கண்ணுல ஈ உக்காந்துச்சு, அதைக்கூட வெரட்டல. ஆனா இந்த மனுஷன் பத்து வருஷமா வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்லியாச்சு. எம் பொண்டாட்டியே ஒரு நொடி நிக்க மாட்டா, ஊர எங்க நிக்க வைக்கிறதுன்னு. கடைசில நானே நம்பிட்டேன். அசைஞ்சிருப்பேன் போலன்னு."

"நீங்க அசையல" என்றார் கூக்கா. "ஒங்க பின்னாடி இருந்த சுவரும் மங்கித்தான் இருக்கு. நாளைக்குப் போய்ப் பாருங்க."

குழம்பு ஒருமுறை பெரிதாகக் கொப்பளித்தது. இசாவ்ரா கரண்டியை நிசேஃபோராவிடம் நீட்டினார், "கிண்டு." கையை முன்துணியில் துடைத்தார். சிலுவை போட்டுக்கொண்டு புனிதரிடம் ஏதோ முணுமுணுத்தார். காய் நறுக்கும் கத்தி முனையால் பசையை நெம்பி வட்டத்தை எடுத்தார். கூக்காவிடம் கொடுக்கவில்லை. நேராகக் கணவரிடம் போய் அவர் மூக்குக்கு முன்னால் பிடித்தார்.

"இந்தாங்க. அன்னிக்கு அசைஞ்சது இதுதான்."

பட்டறையில் கூக்கா அதை நகப்பூச்சு நீக்கும் தண்ணீரில் ஊறப்போட்டார். தங்கம் போனது, அடியில் இளஞ்சிவப்பு, அதற்கும் அடியில் மறுபடி தங்கம். கடைசியில் பித்தளை தெரிந்தது. லேசாக வளைந்திருந்ததை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் வைத்து, மேலே இஸ்திரிப்பெட்டியை ஏற்றினார். "அதை மாட்டிப் பாத்துடலாமே" என்று எவரிஸ்தோ படியேறி வந்து வந்து கேட்டார். "இஸ்திரி போடாத சட்டையோட கல்யாணத்துக்குப் போவீங்களா அண்ணே?" என்று கூக்கா திருப்பி அனுப்பினார்.

பிறகு மொட்டைமாடிச் சுவர் முழுக்கச் செய்தித்தாளை ஒட்டிக் கேமராவை நிறுத்தினார்கள். கூக்கா துணிக்குள் தலையை விட்டார். எவரிஸ்தோ கைகளைப் பிசைந்தார். திருநாள் மறுநாள் காலை.

"இல்ல" என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஒரு பக்கம் இன்னும் வரல."

நிசேஃபோரா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூக்கா லென்ஸைத் திறந்து வளையத்தை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலைச் சுற்றி ஓட்டினார், ஓர் இடத்தில் விரல் நின்றது. புனிதரின் தலையில் ஒட்டிய பசையில் ஒரு துணுக்கு, கடுகில் பாதிகூட இல்லை. சுண்டுவிரல் நகத்தால் சுரண்டினார், ஊதினார், மறுபடி பூட்டினார். துணிக்குள் போனார். அந்தக் கேமராவில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். அது அவருக்குப் பழக்கம். துணிக்குள்ளிருந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார்: யாரோ ஒரு பல் டாக்டர் இறந்துபோனார், பூவுக்குப் பதில் ஜெபம் போதும் என்று குடும்பத்தார் கேட்டுக்கொள்கிறார்கள். அது சுவரின் வலது கோடியில் ஒட்டிய தாள். பிறகு இடது கோடியிலிருந்து வெங்காய விலையைப் படித்தார். துக்கச் செய்தியைக் கேட்டு யாராவது அப்படிக் கைதட்டியிருப்பார்களா என்று தெரியவில்லை. நாங்கள் தட்டினோம்.

திருநாளன்று கிரிசாந்தோ மாலையோடு நடுவில் நின்றார். நாங்கள் ஓரங்களுக்குப் போனோம். முட்டைக்கடைக் கூரைமேல் கேமராவுக்குப் பின்னால் நின்ற எவரிஸ்தோ, பழக்கதோஷத்தில் எங்கள் பக்கம் கையை நீட்டி, "அசையாதீங்க!" என்று கத்திவிட்டார்.

"நடுவுல பாத்துச் சொல்லுங்க!" என்று இசாவ்ரா திருப்பிக் கத்தினார். "மாலை ஆடுது!"

கிரிசாந்தோ சட்டென்று மாலையைப் பிடித்துக்கொண்டார். தெருவே சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை கூக்கா கூரைமேல் கையைத் தூக்கிப் பிடித்திருந்தார், பட்டறையில் லாரி போகக் காத்திருப்பதைப்போல. பிறகு கையை இறக்கினார்.

புனிதர் பாஸ்குவாலுக்குக் கூக்கா பித்தளைத் தகட்டில் புது வட்டம் வெட்டிக் கொடுத்தார். நல்ல வேலைப்பாடு. அதை ஒட்டிய வாரமே மோலே அடி பிடித்தது. இசாவ்ரா சந்தையில் எல்லோர் முன்னாலும், "ஒன் வட்டத்துக்கு வேலை தெரியல கூக்கா" என்றார். "வேலைக்குப் புதுசு, பழகிக்கும்" என்றார் கூக்கா. ஆணியில் தொங்கும் வளையம் இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டிய அன்று கிரிசாந்தோ எழுத்தரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். நடுவில் தன் முகத்தை வருகிறவர்களுக்கெல்லாம் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். நிசேஃபோரா முன்னால் போனாள்.

"இதுல நீ எங்க?"

அவள் விரலை ஓரத்தில் வைத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். அகல லென்ஸில் ஓரத்தில் நிற்பவர்களின் தலை கொஞ்சம் இழுபட்டுத்தான் தெரியும்.

"தலை என்னடி பரங்கிக்காய் மாதிரி இருக்கு?"

"பரங்கிக்காய்னாலும் என்னுது, தலைவரே. மருவைப் பாருங்க."

அவர் மருவைப் பார்த்தார். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். "எழுதிக்க" என்றார் எழுத்தரிடம். "நிசேஃபோரா. மூலிகை."

அதற்குப் பிறகு வரிசை கலைந்துவிட்டது. இசாவ்ரா, நான், தரைக்காரர்கள் எல்லோரும் முண்டியடித்து எங்கள் எங்கள் முகத்தின்மேல் விரலை வைத்தோம். ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்தோம். மீனும் மோலேயும் பூவும் தொட்ட விரல்கள். கண்ணாடியின் இரண்டு ஓரமும் அழுக்காகி, முகங்கள் மறுபடி மங்கின.

கூக்கா சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்து ஏறினார். ஓரத்துக் கண்ணாடியில் வாய்வைத்து ஊதி, முன்துணியின் நுனியால் சின்னச் சின்ன வட்டமாகத் துடைத்தார். இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு அடுத்த ஓரத்துக்குப் போனார். நடுவில், கிரிசாந்தோவின் முகத்தின்மேல், கைரேகைகள் அப்பிக் கிடந்தன. கூக்கா அதைத் துடைக்காமல் கடந்து போனார்.